கஞ்சா வழக்கு: எஃப்.ஐ.ஆரில் எந்த எழுத்தைத் தேட வேண்டும்?

எஃப்.ஐ.ஆர். நகல் கைக்கு வந்ததும் கதையைப் படிக்காதீர்கள். ‘ரோந்து சென்றபோது போலீசைக் கண்டதும் தப்பி ஓட முயன்ற நபர்’ என்றுதான் எல்லாவற்றிலும் இருக்கும். சட்டப்பிரிவு எழுதிய கட்டத்துக்கு நேராகப் போங்கள். என்.டி.பி.எஸ். என்கிற போதைப்பொருள் சட்டத்தின் ‘8(சி) உடன் இணைந்த 20(பி)’ என்று தொடங்கும். அதன் வாலில் ஏ, பி, சி என்று ஓர் ஆங்கில எழுத்து நிற்கும். உங்கள் பையன் அடுத்த வாரம் வியாசர்பாடிக்குத் திரும்புவானா, புழலில் பொங்கல் கொண்டாடுவானா என்பது பெரும்பாலும் அந்த எழுத்தில்தான் இருக்கிறது. தம்பு செட்டித் தெருவில் வக்கீல் குமாஸ்தாவாக இருக்கிறேன்; ராத்திரியில் கதவைத் தட்டுகிற அம்மாக்களிடம் நான் முதலில் கேட்பதும் இதைத்தான்.

‘ஏ’ என்றால் சிறு அளவு. கஞ்சாவில் 1 கிலோவுக்குள். ஒரு வருடம் வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ‘சி’ என்றால் வணிக அளவு, 20 கிலோவுக்கு மேல். 10 முதல் 20 வருடம், அபராதமே குறைந்தது 1 லட்சம். நடுவில் இருப்பது ‘பி’, 10 வருடம் வரை. கூடவே 29(1) இருந்தால் சதி, உடந்தை என்று அர்த்தம். பைக்கில் பின்னால் உட்கார்ந்து போன பையனும் பெரும்பாலும் இதில்தான் மாட்டுவான்.

அடுத்து, பொருளின் பெயர். ஒரே செடிதான், ஆனால் பிசினைத் தனியாகப் பிரித்தெடுத்தால் சட்டம் அதை ‘சரஸ்’ என்கிறது. ஹாஷிஷும் இதுதான், ஹாஷிஷ் எண்ணெயும் இதுதான். இதற்குச் சிறு அளவு 100 கிராம், 1 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. 900 கிராம் கஞ்சா ‘ஏ’. 900 கிராம் எண்ணெய் ‘பி’. கடல் வழியாக இலங்கைக்குப் போகிற சரக்கில் இந்த எண்ணெயும் உண்டு. ‘பார்சலைக் கொடுத்துட்டு வா, ஆயிரம் ரூபா’ என்று ஆட்டோ ஓட்டுகிற தம்பியிடம் யாராவது சொன்னால், கைக்கு அடக்கமான கேனில் இருப்பது எத்தனை வருடம் என்று அவனுக்குத் தெரிய வாய்ப்பில்லை. கலப்படம் இருந்தாலும் மொத்த எடைதான் கணக்கு என்று 2020இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஒரே செடிக்கு ஏன் இத்தனை பாகுபாடு? வக்கீல் வாதாடுகிற பாதி விஷயம் இந்தப் பழைய கதையில்தான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். வெள்ளைக்காரன் காலத்தில், இன்று சீனாவில் இருக்கிற யார்கண்டிலிருந்து காரகோரம் மலையைத் தாண்டி, லடாக்கின் லே வழியாக, குதிரை முதுகில் சரஸ் பஞ்சாபுக்கு வந்தது. அரசு அதற்கு வரி வாங்கியது. 1893-94இல் ஒரு கமிஷன் போட்டு 1,193 சாட்சிகளை விசாரித்தார்கள். முழுத்தடை வேண்டாம், வரியும் உரிமமும் போதும் என்று அறிக்கை வந்தது. 1925இல் ஜெனீவா மாநாட்டில் எகிப்து ஹாஷிஷை ஒழிக்கச் சொல்லி மல்லுக்கு நின்றது. அங்கிருந்துதான் உலக ஒப்பந்தத்துக்குள் இது வந்தது. நம் பக்கம் ராஜாஜி 1937இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்குச் சட்டம் கள், சாராயத்தோடு போதைப் பொருளையும் சேர்த்தே பேசியது. பிறகு 1961இல் ஐ.நா. ஒப்பந்தம். பூவும் பிசினும் கடுமையான பட்டியலுக்குப் போயின. பூ இல்லாத வெறும் இலை வரையறைக்கு வெளியே நின்றது, வடக்கே அந்த இலையை அரைத்து பாங் குடிக்கிற பழக்கத்தை இந்தியா விட்டுக்கொடுக்கவில்லை. மரபாகப் பயன்படுத்தும் நாடுகளுக்கு 25 வருட அவகாசமும் கிடைத்தது. அந்த அவகாசம் முடிவதற்கு முன்பே, 1985 நவம்பர் 14 அன்று இப்போதைய சட்டம் அமலுக்கு வந்தது.

அந்த இலை விவகாரம் இன்றும் நம் பையனுக்கு உதவலாம். சட்டப்படி கஞ்சா என்றால் பூத்த, காய்த்த நுனிகள். நுனி இல்லாமல் இலையோ விதையோ மட்டும் இருந்தால் அது கஞ்சா ஆகாது. அதனால் பறிமுதல் மகஜரை (எதை, எவ்வளவு எடுத்தோம் என்று போலீஸ் எழுதுகிற பதிவு) வாங்கி, ‘இலை, தண்டு, விதையுடன்’ என்பது மாதிரி என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வரிவரியாகப் பாருங்கள். கோணிப்பையோடு எடை போட்டார்களா, பையைக் கழித்தா? 1 கிலோவோ 20 கிலோவோ விளிம்பில் இருக்கும்போது கோணியின் எடைகூட பெரிய விஷயம்.

மகஜரில் இன்னும் இரண்டைத் தேடுங்கள். பையனின் உடம்பைச் சோதித்திருந்தால், ‘கெசட்டட் அதிகாரி அல்லது மாஜிஸ்திரேட் முன்னிலையில் சோதனை கேட்க உனக்கு உரிமை உண்டு’ என்று சொன்னார்களா? இது 50ஆவது பிரிவு. பையை மட்டும் சோதித்திருந்தால் இது பொருந்தாது, பலர் இதை நம்பி ஏமாறுகிறார்கள். அப்புறம், மாதிரி எடுத்தது மாஜிஸ்திரேட் முன்னிலையிலா? அது 52ஏ. அதிகாரியிடம் பையன் ‘ஒப்புக்கொண்டான்’ என்று எழுதியிருந்தால் பதற வேண்டாம். அப்படி 67ஆவது பிரிவில் வாங்கிய வாக்குமூலம் ஒப்புதலாகச் செல்லாது என்று 2020இல் தீர்ப்பு வந்தது, தமிழ்நாட்டு வழக்கு ஒன்றில்தான்.

ஜாமீன். ‘ஏ’ என்றால் பெரும்பாலும் சீக்கிரம் கிடைக்கும். ‘சி’ என்றால் 37ஆவது பிரிவு குறுக்கே நிற்கும்: இவன் குற்றவாளி இல்லை, வெளியே போனாலும் குற்றம் செய்யமாட்டான் என்று நீதிபதிக்கே தோன்ற வேண்டும். இந்த ‘சி’ வழக்கில் 180 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் சட்டப்படி ஜாமீன் கேட்கலாம், ஆனால் அரசுத் தரப்பு கோரினால் கெடு ஒரு வருடம் வரை நீளும். ரிமாண்ட் ஆன தேதியை காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். பழைய வழக்குகள் இருந்தால் குண்டாஸ் போடலாம்; அது 12 மாதம் வரை, வேறு கோர்ட், வேறு மனு.

பையன் விற்கவில்லை, குடிக்கிறவன் மட்டும் என்றால் 64ஏவைப் பற்றி வக்கீலிடம் கேளுங்கள். சிறு அளவு வழக்கில் தானாகவே அரசு அங்கீகரித்த இடத்தில் சிகிச்சைக்குப் போய் முடித்தால் வழக்கிலிருந்து விலக்கு கேட்கலாம். பாதியில் ஓடிவந்தால் விலக்கும் போகும். போதை மறுவாழ்வு உதவி எண் 14446. கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனைக்கும் போகலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

கோர்ட் வாசலில் ‘நாளைக்கே வெளிய எடுத்துடறேன்’ என்கிற ஆளிடம் நகையை அடகு வைத்துப் பணம் கொடுக்காதீர்கள். காவலில் இருக்கிறவனுக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. 15100க்கு போன் போட்டு, குற்ற எண்ணையும் காவல் நிலையத்தின் பெயரையும் சொல்லுங்கள்.