‘நியூட்ரல்’ என்பது யாருடைய நிறம்? ஐஷேடோ பேலட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பன்னிரண்டு குழிகள். பாலாடை, சந்தனம், கோதுமை, செங்கல், கருப்பட்டி, காப்பிக்கொட்டை என்று எல்லாமே வீட்டில் பார்த்துப் பழகிய நிறங்கள். ஊதா இல்லை, பச்சை இல்லை. இதில் என்ன தவறு செய்துவிட முடியும் என்ற துணிச்சலில்தான் என் முதல் பழுப்பு நிறப் பேலட்டை, அதாவது இமையில் பூசும் ஐஷேடோ பொடிகளின் பெட்டியை, வாங்கினேன். மறுநாள் காலை, இருப்பதிலேயே அடக்கமானது என்று பாலாடை நிறத்தை விரலால் இமை முழுக்கப் பூசிக்கொண்டு அலுவலகத்துக்குக் கிளம்பினேன். வாசலில் அம்மா நிறுத்தினார். “என்னடி, கண்மேல் சாம்பல் ஒட்டியிருக்கிறது?”

அம்மா சொன்னது சரிதான். வெளிர் நிறப் பொடிகளுக்கு வெண்மை தருவது பெரும்பாலும் டைட்டானியம் டையாக்ஸைடு. சுவர் பெயின்டை வெள்ளையாக்குவதும் இதே பொருள்தான். பழுப்புத் தோலின்மேல் அது மெல்லிய படலமாகப் படியும்போது, அடியில் இருக்கும் நிறத்தோடு கலந்து சாம்பலாகத் தெரிகிறது. உறையின் பின்புறம் ‘சிஐ 77891’ என்ற நிறப்பொருள் எண் குறிப்பது இதைத்தான். சிவப்பு, மஞ்சள், கறுப்பு இரும்பு ஆக்ஸைடுகளுக்கு 77491, 77492, 77499 என்ற எண்கள். ஆனால் இந்தப் பட்டியலைப் பல நிறுவனங்கள் எல்லாக் குழிகளுக்கும் பொதுவாகவே அச்சிடுகின்றன. எந்தக் குழியில் எது எவ்வளவு என்பதைப் பூசிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆகவே முதல் தவறு, பெட்டியின் மேல் எழுதியிருப்பதை நம்புவது. அர்பன் டீகே நிறுவனம் 2010-இல் 12 நிறங்களோடு கொண்டுவந்த ‘நேக்கட்’ பேலட்டின் வெற்றிக்குப் பிறகு இந்த வகைப் பெட்டிகள் கடைகளில் குவிந்தன. ‘நியூட்’, ‘நியூட்ரல்’ என்ற பெயர்களெல்லாம் யாரோ ஒருவருடைய தோலை அளவுகோலாக வைத்துத்தான் சூட்டப்படுகின்றன. அந்தத் தோல் உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை. மாநிறத்துக்கும் கறுப்புக்கும் அன்றாட நிறம் என்றால் அது பெட்டியின் நடுவரிசையில் தொடங்குகிறது: இமையின் நிறத்தை ஒத்த ஒன்று, அதைவிட இரண்டு படி அடர்ந்த ஒன்று. சாம்பல் சாயல் கொண்ட பழுப்பை விட்டு, சிவப்போ மஞ்சளோ கலந்த பழுப்பை எடுங்கள். கருப்பட்டியும் பழம்புளியும் நம் கண்ணுக்கு நன்றாகவே பொருந்தும். பன்னிரண்டில் நான்கு நிறம்தான் உங்களுக்கு ஆகும் என்றால், நான்கு நிறத்துக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று கணக்குப் போட்ட பிறகு பணப்பையைத் திறக்கலாம்.

கடையில் புறங்கையில் தீற்றிப் பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. இமைத் தோல் மெலிந்தது. நம்மில் பலருக்கு மற்ற இடங்களைவிடக் கறுத்தும் எண்ணெய்ப்பசையோடும் இருக்கும். கையில் பொன்னாகத் தெரிந்தது இமையில் மண்ணாகும். அதற்காகப் பலர் விரல் வைத்த கடை மாதிரியைக் கண்ணில் தடவிக்கொள்ளாதீர்கள். மணிக்கட்டின் உட்புறத்தில் தீற்றி, கடை விளக்கை விட்டு வெளியே வந்து வெயிலில் பாருங்கள். வாங்கியபின் முதல் சோதனையை ஒரு ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கண்ணில் மட்டும் பூசிக்கொண்டு சமையலறையில் ஒரு மணி நேரம் நின்றுவிட்டு வந்தால், எந்த விமர்சனமும் சொல்லாததை இமையே சொல்லிவிடும்.

ஏனென்றால் பூசும்போது எப்படி இருக்கிறது என்பதல்ல, மதியம் ஒரு மணிக்கு என்ன ஆகிறது என்பதுதான் கேள்வி. சென்னையின் மே மாதத்தில், அடித்தளம் இல்லாமல் பூசிய ஐஷேடோ சாப்பாட்டு நேரத்துக்குள் இமை மடிப்பில் திரண்டு ஒரு கோடாகிவிடும். கோட்டுக்கு மேலும் கீழும் நிறமே இருக்காது. காலையில் தடவிய கிரீமும் சன்ஸ்கிரீனும் காயுமுன் அதன்மேல் பொடியை ஏற்றியிருந்தால் இன்னும் சீக்கிரம். இமைக்கு அடித்தளமாகப் பூசும் பிரைமர் இருந்தால் நல்லது. இல்லையென்றால் கருமையை மறைக்கும் கன்சீலரை ஓர் அரிசியளவு எடுத்து இரண்டு இமைக்கும் பிரித்து, விரல்நுனியால் தட்டித் தட்டிப் பரப்பி, மேலே தோல் நிறத்தை ஒத்த, மினுக்காத மேட் பொடியை லேசாக ஒற்றினால் போதும். அரிசியளவு என்றால் அரிசியளவுதான். கூடினால் அதுவே மடிப்பில் திரளும்.

கண்மை இடுபவர்களுக்கு இன்னொரு வம்பு. கீழிமையில் பழுப்பு நிறமும் மையும் சேர்ந்து உருகி இறங்கினால், ஐந்து நாள் தூங்காதவர் போல ஆகிவிடுவோம். மை இட்ட உடனே, மெல்லிய முனையுள்ள பிரஷில் பேலட்டின் மிக அடர்ந்த மேட் நிறத்தைத் தொட்டு, இமைமயிர் ஓரமாக மட்டும் மையின்மேல் ஒற்றுங்கள். பொடி எண்ணெயை உறிஞ்சிக்கொள்வதால் மை எளிதில் நகராது. பெட்டியில் நான் மிக அதிகமாகப் பயன்படுத்திய குழி இந்த வேலைக்கானதுதான்.

பிரஷைக் குழியில் அழுத்திச் சுழற்றாதீர்கள். தொட்டு, தட்டி உதறி, பிறகு கண்ணுக்குக் கொண்டு போங்கள். கண்ணை மூடிக்கொண்டு மடிப்பில் அழகாகத் தீட்டிய நிறம், கண்ணைத் திறந்ததும் காணாமல் போகும், இமை சற்றுத் தொங்கியவர்களுக்குக் குறிப்பாக. நேராகக் கண்ணாடியைப் பார்த்தபடி, மடிப்புக்குச் சற்று மேலே இடம் குறித்துவிட்டு, அங்கிருந்து பரப்புங்கள். மினுக்கும் ஷிம்மரை இமையின் நடுவில் மட்டும் வைத்தால் காலை வேலைக்கும் உறுத்தாது. மடிப்பில் வைத்தால் ஒவ்வொரு சுருக்கத்தையும் அது எண்ணிக் காட்டும். காண்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் முதலில் லென்ஸைப் போட்டுவிட்டுத்தான் பொடியைத் தொட வேண்டும்.

விரலில் எடுப்பதைப் பற்றி ஒரு சொல். ஷிம்மருக்கு விரல் நல்லதுதான். ஆனால் விரலின் எண்ணெய் படிந்து படிந்து, மேற்பரப்பு கண்ணாடிபோல இறுகி, பிரஷில் ஒன்றும் ஏறாமல் போகும். மட்டமான பொடி என்று கடைக்காரரைத் திட்டுவதற்கு முன், ஒரு துண்டு செலோ டேப்பை மெதுவாக ஒட்டி எடுத்துப் பாருங்கள். மேல் ஓடு கழன்று, அடியில் புதுப்பொடி தெரியும்.

பெட்டியின் பின்புறம் மூடி திறந்த டப்பா போன்ற ஒரு சின்னமும், உள்ளே 12 அல்லது 24 என்ற எண்ணும் இருக்கும். திறந்த நாளிலிருந்து அத்தனை மாதம் என்று பொருள். அந்த எண்ணைவிட முக்கியமானது மெட்ராஸ் ஐ. அந்தச் சமயத்தில் கண்ணில் எதையும் பூசக்கூடாது. அதற்குச் சற்று முன்பு வரை பூசிக்கொண்டிருந்த பொடியையும் மையையும் மீண்டும் தொடக்கூடாது. தங்கை ஆசையாகக் கேட்டாலும் பேலட்டைக் கொடுக்காமல் இருப்பதே அவளுக்குச் செய்யும் உதவி. எனக்கு மெட்ராஸ் ஐ வந்து போன பிறகு, மனசே இல்லாமல் பெட்டியைக் குப்பையில் போட்டேன். கருப்பட்டிக் குழியில் அடித்தகடு தெரிய ஆரம்பித்திருந்தது. பாலாடைக் குழியில் முதல் நாள் வைத்த விரல் தடம் அப்படியே இருந்தது.