மார்செய்யில் குப்பை வேலைநிறுத்தம்: ஊர் சுற்றப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

பிரான்சின் தென்கரையில் உள்ள மார்செய்யில் சில வருடங்களுக்கு ஒருமுறை குப்பை லாரிகள் நின்றுபோகும். 2010 அக்டோபரில் ஓய்வூதியச் சட்டத்தை எதிர்த்து நின்றன. ஆண்டுக்கு 1,607 மணி நேர வேலை என்ற கணக்கைக் கறாராக்கிய சட்டத்தை எதிர்த்து 2021 செப்டம்பர் கடைசியில் நின்றன. 2022 தொடக்கத்தில் மறுபடியும். இதற்காகப் பயணத்தை ரத்து செய்யத் தேவையில்லை. ஆனால் வருகிறவர்கள் நாற்றத்துக்கு மட்டுமே தயாராக வருகிறார்கள். நாற்றம் மூன்றாம் நாளில் மூக்குக்குப் பழகிவிடும். தொல்லை கொடுப்பவை மழை, காற்று, எலி, தீ ஆகிய நான்கும்தான்.

முதல் தவறு தேதியில். பிரான்சில் பொதுச்சேவையில் வேலைநிறுத்தம் திடீரென்று வெடிப்பதில்லை. தொழிற்சங்கம் முழுதாக ஐந்து நாள் முன்னதாக நோட்டீஸ் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். குப்பை அள்ளும் ஒப்பந்தக் கம்பெனிகளின் ஊழியர்களுக்கும் அது பொருந்தும். ஆகவே கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு உள்ளூர்ச் செய்தியைப் பார்த்தாலே போதும். நோட்டீஸ் கொடுத்த பிறகு பேச்சுவார்த்தையில் முடிந்துபோவதும் உண்டு. அதனால் அதைப் பார்த்ததும் டிக்கெட்டைக் கிழிக்காமல், பணம் திரும்பக் கிடைக்கும் அறையாக மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய ஏமாற்றம், ‘ஸ்ட்ரைக் முடிந்துவிட்டது’ என்ற செய்தியை நம்பிக் கிளம்புவது. லாரி ஓட ஆரம்பித்த அன்றைக்கே தெரு சுத்தமாகிவிடாது. தேங்கிய மலையோடு அன்றாடக் குப்பையும் சேர்ந்து வரும். பைகள் கிழிந்து சிதறியிருந்தால் லாரியின் வாய்க்குள் தூக்கிப் போட முடியாது. மண்வாரி இயந்திரம் வர வேண்டும். 2021இல் அக்டோபர் தொடக்கத்திலேயே உடன்பாடு வந்துவிட்டது. ஆனால் அள்ளி முடிப்பதற்குள், 4ஆம் தேதி பெருமழை கொட்டியது. தெருவில் கிடந்த குப்பை சரிவில் உருண்டு கடலுக்குப் போனது. உடன்பாடு வந்த நாளிலிருந்து ஒரு வாரமாவது தள்ளிப் போடுவது நல்லது.

‘மார்செய் முழுக்க நாறுகிறது’ என்று சொல்பவரை நம்பாதீர்கள். ‘ஒன்றுமே இல்லை’ என்பவரையும்தான். நகரம் 16 வட்டாரங்களாகப் பிரிந்திருக்கிறது. சிலவற்றில் பெருநகர நிர்வாகத்தின் சொந்த ஊழியர்கள் அள்ளுகிறார்கள், சிலவற்றில் தனியார் கம்பெனிகள். ஒரு தெருவில் பெரிய குவியல் இருக்கும். இரண்டு தெரு தள்ளிச் சுத்தமாக இருக்கும். ஆனால் தனியார் அள்ளும் இடமென்றால் நிம்மதி என்றும் இருந்துவிட முடியாது. அள்ளிய குப்பை முதலில் நகரில் லாரியிலிருந்து ரயிலுக்கு மாற்றும் நிலையங்களுக்குப் போய், அங்கிருந்து ரயிலில் ஃபோஸ் சூர் மேர் என்ற ஊரில் உள்ள எரிப்பு ஆலைக்குப் போகிறது. மாற்று நிலைய வாசலை மறித்துவிட்டால், வேலை செய்யத் தயாராக இருக்கும் லாரியும் கொட்ட இடமில்லாமல் நிற்கும். எனவே செய்தியில் எந்த வட்டாரம் என்பதோடு, நிலையங்கள் திறந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். அஞ்சல் குறியீட்டின் கடைசி இரண்டு எண்தான் வட்டார எண்: 13001 என்றால் முதல் வட்டாரம்.

அறை எடுக்கும்போது

படத்தில் அழகாக இருக்கிறதே என்று நொவாய், பெல்சான்ஸ், பனியே போன்ற பழைய பகுதிகளில் தாழ்வான மாடியை எடுப்பார்கள். அங்கே பல கட்டடங்களில் குப்பைத் தொட்டி வைக்கத் தனி இடம் கிடையாது. எல்லோரும் பையைத் தெருமுனையில்தான் வைப்பார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் உரிமையாளரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். கட்டடத்துக்குள் தொட்டி அறை உண்டா? படுக்கையறை ஜன்னல் தெருப் பக்கமா, உள்முற்றமா? பை வைக்கும் இடம் வாசலிலிருந்து எவ்வளவு தூரம்? நேற்று எடுத்த படம் ஒன்று அனுப்பச் சொல்வதில் வெட்கம் வேண்டாம். இரண்டாம் மாடிக்கு மேலே, முற்றத்தைப் பார்த்த ஜன்னல் என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

பாரிஸிலிருந்து ரயிலில் வருபவர்கள் சென் ஷார்ல் நிலையத்தின் 104 படிகளில் இறங்கி, பெல்சான்ஸ் சந்துகள் வழியே பெட்டியை உருட்டிக்கொண்டு பழைய துறைமுகத்துக்கு நடப்பார்கள். சாதாரண நாளில் சுகமான நடைதான். ஸ்ட்ரைக் நாளில் நடைபாதை அடைபட்டு, பெட்டியின் சக்கரம் குப்பைச் சாற்றில் ஓடி, அந்த வாடை அறைக்குள்ளும் வந்து குடியேறும். மெட்ரோ முதல் தடத்தில் இரண்டே நிறுத்தம், அதில் போங்கள். பல மெட்ரோ நிலையங்களில் லிஃப்ட் இல்லை; ஆகவே சக்கர நாற்காலியோ குழந்தை வண்டியோ உள்ளவர்கள் நடக்காமல் டாக்ஸியில் போவது நல்லது. ஏனென்றால் குவியலைச் சுற்றிப் போக வண்டி ஓடும் சாலையில்தான் இறங்க வேண்டியிருக்கும்.

சொகுசுக் கப்பலில் வருபவர்கள் இறங்கும் முனையம் வடக்கே, பழைய துறைமுகத்திலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீட்டர். அங்கே ஒன்றும் தெரியாது. ஊருக்குள் ஜோலியெத் பகுதிக்கு வந்த பிறகு பனியே சந்துகளுக்குள் நுழையாமல், மியூசெம் அருங்காட்சியகம், சென் ழான் கோட்டை வழியாகக் கடலோரமாகவே நடந்தால் அகலமான பாதை, நல்ல காற்று.

கடலில் இறங்குவது

எல்லாத் தவறுகளிலும் விலை கூடியது இதுதான். தெருவின் மழைநீர் வாய்க்கால் கடலில் போய் முடிகிறது. ஊரின் தெற்கே ஓடும் உவோன் ஆற்றின் தண்ணீர், மழையில்லாத நாட்களில் குளிக்கும் கடற்கரைக்கு வராமல் வேறு வழியில் திருப்பிவிடப்படுகிறது. பெருமழையில் அது தாங்காது. மடை திறந்து, ஆறு நேராக ப்ராதோ கடற்கரையில் வந்து விழும். தெருவில் ஒரு வாரக் குப்பை கிடக்கும்போது மழை பெய்தால் அந்தத் தண்ணீரில் என்ன இருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

மறுநாள் வெயில் அடித்து, தண்ணீர் நீலமாகத் தெரிந்ததும் குழந்தைகளை இறக்கிவிடுவார்கள். மிதக்கும் பிளாஸ்டிக்கைக் காற்று ஒதுக்கியிருக்கும், கிருமி ஒதுங்கியிருக்காது. குறைந்தது இரண்டு மூன்று நாள் பொறுங்கள். கோடையில் தினசரித் தண்ணீர்ப் பரிசோதனையின் முடிவைப் பார்த்து இறங்குங்கள். சிவப்புக் கொடி என்றால் குளிக்கத் தடை. ஊதாக் கொடி தண்ணீர் மாசுபட்டதற்கோ ஆபத்தான கடல் உயிரிகளுக்கோ உரியது. ஒரு நுட்பம் பலருக்குத் தெரிவதில்லை: கோடைப் பருவம் முடிந்ததும் உயிர்காப்பாளர்களும் கொடிகளும் போய்விடும். அக்டோபரில் கொடி இல்லாத கடற்கரை அனுமதி கொடுத்த கடற்கரை ஆகாது. ஸ்ட்ரைக்கில் தேங்கிய குப்பையும் பெருமழையும் 2021இல் சேர்ந்தது அந்த மாதத்தில்தான்.

வடமேற்கிலிருந்து அடிக்கும் மிஸ்த்ரால் காற்று வேறு வகை. ஈரத்தை உலர்த்தி நாற்றத்தைக் குறைக்கும், ஆனால் கட்டாத பையையெல்லாம் கிளப்பிக் கடல் பக்கம் தள்ளும். அந்த நாளில் உணவகத்தின் வெளிமேசையில் உட்காருவதற்கு முன், குவியல் எந்தப் பக்கம், காற்று எந்தப் பக்கம் என்று ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

சமையலறை

வாடகை வீட்டில் சமைப்பவர்கள் 50 லிட்டர் பை ஒன்றை வாங்கி, நிரம்பும் வரை வைத்திருப்பார்கள். 25–30 டிகிரி வெப்பத்தில் ஈ முட்டை ஒரே நாளில் புழுவாகிவிடும்; ஓரிரு வாரத்தில் புது ஈ. பெரிய பை நிரம்புவதற்குள் புழு நெளியும், ஈரத்தின் கனத்தில் அடியும் கிழியும். 10 அல்லது 20 லிட்டர் பை வாங்கி, மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியதும் காற்றை அழுத்தி எடுத்து இறுக முடிச்சுப் போடுங்கள். காய்கறித் தோல், காப்பித் தூள் சக்கையைச் செய்தித்தாளில் சுற்றிப் போட்டால் சாறு இறங்காது.

பழைய துறைமுகக் கரையில் காலையில் மத்தி மீன் வாங்கினால், அங்கேயே குடலும் செதிலும் எடுத்துத் தரச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபின் மிஞ்சும் முள், தலை, இறால் ஓடு எல்லாம் ஜிப் பையில் ஃப்ரீசருக்குப் போகட்டும். கேட்கக் கொஞ்சம் அருவருப்பாக இருக்கும், ஆனால் உறைந்த மீன் தலை யாருக்கும் தொந்தரவு தராது. கண்ணாடி பாட்டில், அட்டை, தகரம் ஆகியவை அழுகாது. கழுவிக் காயவைத்து மூலையில் அடுக்குங்கள். மார்செய் பீட்சா வண்டிகளுக்குப் பெயர்போன ஊர். நான்கு பேர் மூன்று இரவு பீட்சா வாங்கினால் பன்னிரண்டு எண்ணெய் அட்டைப் பெட்டி சேர்ந்துவிடும். அந்த நாட்களில் கடையில் உட்கார்ந்து சாப்பிடுவதே புத்திசாலித்தனம்.

பையை பால்கனியில் தொங்கவிடாதீர்கள். ஊர்க்காரர்கள் கபியான் என்றழைக்கும் பெரிய கடற்காகம் விடியற்காலையில் வந்து கிழித்து, கீழ்வீட்டுத் துணிமேல் கொட்டிவிடும்.

நாற்றம் பொறுக்காமல் தொட்டியில் ப்ளீச் ஊற்றி, அதன் மேலேயே வினிகரும் ஊற்றுவது இன்னொன்று. பிரெஞ்சு வீடுகளில் இரண்டு பாட்டிலும் கழுவுதொட்டிக்கு அடியில் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும். சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். சின்ன சமையலறையில் மூச்சு அடைக்கும். ஒன்றை மட்டும் எடுத்து, ஜன்னலைத் திறந்துவைத்துக் கழுவுங்கள்.

எலி, தீ, அபராதம்

எலியைக் கண்டு அலறுவதில் பயனில்லை. கவனிக்க வேண்டியது அதன் சிறுநீர் கலந்த ஈரம். காலில் வெட்டுக்காயத்தோடு செருப்புப் போட்டுக் குவியலோர ஈரத்தை மிதித்தால் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் தொற்ற வாய்ப்புண்டு. மூடிய ஷூ போடுங்கள், அதை வாசலிலேயே கழற்றுங்கள். பெரும்பாலும் ஐந்து முதல் பதினான்கு நாளில், அதாவது வீடு திரும்பிய பிறகு, காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வரலாம். அப்போது எங்கே போயிருந்தீர்கள் என்பதை மருத்துவரிடம் சொல்ல மறந்துவிடாதீர்கள்.

இரவில் குவியலுக்குத் தீ வைப்பது இத்தகைய நாட்களில் நடப்பதுதான். பிளாஸ்டிக் தொட்டி உருகி எரியும். பக்கத்தில் நிற்கும் காருக்கும் பிடிக்கும். வாடகைக் காரைத் தெருவில் குப்பையருகே நிறுத்தாமல் அடித்தளப் பார்க்கிங்கில் விடுங்கள். தீயைப் பார்த்தால் 18 அல்லது 112. புகை வரும் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள்.

‘ஊரே குப்பை, நாம் ஒன்று போட்டால் என்ன’ என்ற நினைப்புக்குச் சட்டம் விலை வைத்திருக்கிறது. வீதியில் குப்பை எறிந்தால் 135 யூரோ. காரில் கொண்டுவந்து கொட்டினால் 1,500 யூரோ வரை போகும். கலாங்க் தேசியப் பூங்காவுக்கு நடந்து போகிறவர்கள் பாதை தொடங்கும் இடத்தில் பையைக் கட்டி வைத்துவிட்டு வருவதும் இதே கணக்கில் சேரும். கொண்டுபோனதைத் திரும்பக் கொண்டுவருவதுதான் அங்கே எப்போதும் வழக்கம்.

குப்பை அள்ளுபவரிடமும் மாநகரசபை வாசலிலும் போய்க் கத்துவது வீண். குப்பை சேகரிப்பு மாநகரசபையின் கையில் இல்லை. எக்ஸ்-மார்செய்-ப்ரோவான்ஸ் பெருநகர நிர்வாகத்தின் பொறுப்பு. இரண்டும் ஒன்றையொன்று குறைசொல்வது ஊரறிந்த கதை.

கிளம்பும் நாளில் கடைசிப் பையை நடைபாதையில் வைத்துவிட்டு ஓடாதீர்கள். ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய் ஓரமாக விடுவது அதைவிட மோசம்: கட்டிய கறுப்புப் பை தனியாகக் கிடந்தால் கேட்பாரற்ற பொருள் என்று நடைமேடையையே காலி செய்வார்கள், உங்கள் ரயிலும் சேர்ந்து தாமதமாகும். உரிமையாளரிடம் முதல்நாளே கேட்டு, அவர் சொல்லும் இடத்தில் வையுங்கள். ஃப்ரீசரில் மீன் தலை இருப்பதையும் ஒரு வரி எழுதிவிடுங்கள்.