பத்திரிகை அடித்த பிறகு முகூர்த்தம் கேட்காதீர்கள்: அமைதிப்படை ஆலோசனையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருக்கோடி வீட்டு பீரோவில், மடித்த வேட்டிகளின் மேல் ஒரு நீலத் தொப்பி இருக்கிறது. ஓரம் வெளுத்துப் போன ஐ.நா. அமைதிப்படைத் தொப்பி. அதைப் போட்டிருந்த ஹவில்தார் அண்ணன் 2013இல் காங்கோவில் இருந்தார். "போறப்ப ஒரு வேலை சொன்னாங்க தம்பி, நடுவுல அது வேற வேலையா ஆயிடுச்சு" என்றார். அந்த மார்ச்சில்தான் ஐ.நா. பாதுகாப்பு மன்றம், ஆயுதக் குழுக்களைத் தாக்கும் தனிப் படைப்பிரிவை அங்கே அமைத்தது. தாக்குவது அந்தப் பிரிவு. ஆனால் எதிராளிக்கு எல்லா நீலத் தொப்பியும் ஒன்றுதானே?

என்ன வேலை என்று தீர்மானிப்பது மன்றம்; வீரர்களை அனுப்புவது இந்தியா போன்ற நாடுகள். இந்த இரண்டு பக்கமும் கலந்து பேசுவதில்தான் தவறுகள் நடக்கின்றன. முதல் தவறு, முடிவெடுத்த பிறகு கேட்பது. தீர்மான வரைவு தயாரானபின் படை அனுப்பும் நாடுகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தால், அது கல்யாணப் பத்திரிகை அடித்துவிட்டு முகூர்த்த நாள் கேட்கிற கதை. இதற்கு விதி இல்லாமல் இல்லை. 2001இல் வந்த மன்றத்தின் 1353ஆம் தீர்மானம், பணியைத் திட்டமிடும்போதும், மாற்றும்போதும், நீட்டிக்கும்போதும், களம் திடீரென மோசமாகும்போதும் இந்த நாடுகளோடு பேச வழி செய்திருக்கிறது.

அது சும்மா வரவில்லை. முந்தைய ஆண்டு மே மாதம் மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோனில் கிளர்ச்சிக்காரர்கள் சுமார் 500 அமைதிப்படையினரைப் பிடித்து வைத்தார்கள். அங்கே கைலாஹுன் என்ற ஊரில் நம் வீரர்கள் இரண்டு மாதத்துக்கு மேல் முற்றுகையில் கிடந்து, ஜூலையில் 'ஆபரேஷன் குக்ரி' என்ற மீட்பு நடவடிக்கை மூலம்தான் வெளியே வந்தார்கள். பின்னர் இந்தியா அங்கிருந்து படையைத் திரும்ப அழைத்துக்கொண்டது.

படை அனுப்பும் நாடுகள் பக்கமும் தவறு உண்டு. எங்கள் வீரர்கள் இன்ன வேலை செய்ய மாட்டார்கள் என்ற நிபந்தனையை மறைத்து வைத்திருந்து, ஆபத்து வந்தபின் எடுத்து நீட்டுவது கூடவே நிற்கும் வேறு நாட்டுப் படையைத்தான் மாட்டிவிடும். அதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் இன்னொரு தவறு, ஆலோசனைக் கூட்டத்தில் எழுதி வந்ததை வாசித்துவிட்டுப் போவது. நியூயார்க்கில் ஐ.நா.வில் தன் நாட்டுக்காக உட்காரும் அதிகாரி அதற்கு முன்பே களத்தில் இருக்கும் தன் பட்டாலியன் தளபதியின் தகவலைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். மழைக்காலத்தில் எந்தப் பாதை அடைபடும், ரோந்துக்கு எத்தனை வண்டி ஓடுகிறது, காயம்பட்டவரைத் தூக்க ஹெலிகாப்டர் எத்தனை மணி நேரத்தில் வரும்? மன்றத்தின் மேசையில் முதலில் வைக்க வேண்டியது இந்தக் கேள்விகளைத்தான்.