பச்சை மரத்தவளைக்கு வீட்டில் ஒரு கண்ணாடிப் பெட்டி: முதல்முறை அமைப்பவர்களுக்கு

சிட்னியின் மேற்குப் பகுதியில் இருக்கிறது எங்கள் வீடு. கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி, அதற்குள் இரண்டு பச்சை மரத்தவளைகள். வீட்டுக்கு வருகிற நண்பர்கள், கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு தூங்கும் தவளையைப் பார்த்ததும் கேட்பார்கள்: "எங்களுக்கும் ஒன்று வேண்டும், என்னென்ன வாங்கணும்?" நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். பெட்டியை இன்றைக்கே வாங்குங்கள். தவளை அப்புறம் வரட்டும். நடுவில் குறைந்தது இரண்டு வாரமாவது அந்தப் பெட்டி தவளை இல்லாமல் ஓட வேண்டும்.

ஏன் இவ்வளவு பிடிவாதம் என்றால், தவளை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை. அடிவயிற்றிலும் தொடையிலும் உள்ள மெல்லிய தோல் வழியாக உறிஞ்சிக்கொள்கிறது. மூச்சின் ஒரு பகுதியும் தோல் வழியாகத்தான். அதனால் பெட்டிக்குள் தோலில் படுகிற ஒவ்வொன்றும், தண்ணீர், மண், இலை, உங்கள் விரல் எல்லாமே, அதன் உடம்புக்குள் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி அமைப்பது என்பது அந்தத் தோலுக்கு ஒரு இடம் அமைப்பதுதான். கீழே சொல்லும் எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

எந்தத் தவளை, என்ன அனுமதி

நான் சொல்வது ஆஸ்திரேலியப் பச்சை மரத்தவளையைப் பற்றி. வடக்கு, கிழக்கு ஆஸ்திரேலியாவிலும் நியூகினியின் தெற்குப் பகுதியிலும் வாழ்வது. கிராமத்து வீடுகளில் தபால் பெட்டி, மழைநீர்க் குழாய், கழிப்பறைத் தொட்டி என்று எங்கே ஈரம் இருக்கிறதோ அங்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். 1788இல் பிரிட்டனிலிருந்து ஆஸ்திரேலியாவில் குடியேற வந்த முதல் கப்பல் படையின் தலைமை மருத்துவர் ஜான் வைட் 1790இல் தன் நூலில் இதை விவரித்தபோது 'நீலத் தவளை' என்று எழுதினார். பதப்படுத்தும் திரவத்தில் தோலின் மஞ்சள் நிறமி கரைந்துபோய் நீலம் மட்டும் மிஞ்சியிருந்தது. 'கேருலியா' என்ற அறிவியல் பெயரில் அந்த நீலம் இன்றும் இருக்கிறது. மற்ற நாட்டுக் கடைகளில் இதை 'வைட்ஸ் ட்ரீ ஃப்ராக்' என்ற பெயரில் விற்கிறார்கள்.

வளர்ந்தால் 10 சென்டிமீட்டர் வரை வரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 15 வருடத்துக்கு மேல் இருக்கும். பிள்ளை கேட்கிறது என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். பிள்ளை பல்கலைக்கழகம் போன பிறகும் தவளை வீட்டில்தான் இருக்கும்.

நியூ சவுத் வேல்ஸில் இதை வளர்க்க உரிமம் வேண்டும். மற்ற மாநிலங்களில் விதி வேறு. உங்கள் மாநில அரசின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். காட்டிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ பிடித்து வந்து வளர்க்கவே கூடாது. உரிமம் உள்ள வளர்ப்பாளரிடம், பெட்டியிலேயே பிறந்து வளர்ந்த தவளையை வாங்குங்கள்.

பெட்டி

மீன் தொட்டி நீளவாக்கில் இருக்கும். மரத்தவளைக்கு உயரம் வேண்டும். இரண்டு தவளைக்கு 45 செ.மீ. அகலம், 45 ஆழம், 60 உயரம் போதும். இடம் இருந்தால் இன்னும் பெரிதாக வாங்குங்கள். முன்பக்கம் கதவு திறக்கிற மாதிரிப் பெட்டி நல்லது. மேலிருந்து கை வந்தால் தவளைக்கு அது பருந்து. மேல்மூடி கம்பிவலையாக இருக்க வேண்டும், காற்று ஓடுவதற்கு.

வயர் நுழைகிற ஓட்டையை மறக்காமல் பாருங்கள். தலை நுழைந்தால் உடம்பும் நுழையும். எங்கள் தவளை ஒருமுறை அப்படி வெளியேறி, இரண்டு நாள் கழித்து சலவை இயந்திரத்துக்குப் பின்னால் தூசும் முடியும் ஒட்டிக் கிடைத்தது. நல்லவேளை, அங்கே கொஞ்சம் ஈரம் இருந்தது. அன்றிலிருந்து எல்லா ஓட்டையிலும் ஸ்பாஞ்ச் அடைத்திருக்கிறேன்.

அடித்தளம்

அடியில் 4, 5 செ.மீ. உயரத்துக்குச் சுட்ட களிமண் உருண்டைகளைப் பரப்புங்கள். செடிக்கடையில் கிடைக்கும். மிஞ்சிய தண்ணீர் அங்கே இறங்கி நிற்கும், மண் அழுகாது. அதன் மேல் ஒரு கொசுவலைத் துண்டு. அதற்கு மேல் 6, 7 செ.மீ. கோகோபீட், அதாவது தேங்காய் நார்த் தூள். உரம் கலக்காத கோகோபீட்டாக இருக்க வேண்டும், பாக்கெட்டைப் படித்துப் பாருங்கள். கையில் எடுத்துப் பிழிந்தால் உருண்டையாக நிற்க வேண்டும், ஆனால் விரலிடுக்கில் தண்ணீர் சொட்டக் கூடாது. அதுதான் சரியான ஈரம்.

சிறு கூழாங்கல், மரப்பட்டைச் சீவல் இரண்டும் வேண்டாம். பூச்சியைப் பிடிக்கப் பாயும்போது வாய்க்கு வருவதையெல்லாம் சேர்த்து விழுங்கும். கல் குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை வரை போகும்.

ஏறுவதற்கும் ஒளிவதற்கும்

தவளையின் உடம்புத் தடிமனுக்குக் குறையாத கிளைகள் இரண்டு மூன்று, குறுக்காகவும் சாய்வாகவும். வளர்ந்த தவளை கனமானது. மெல்லிய குச்சியில் உட்கார்ந்தால் சாய்ந்துவிடும். ஒவ்வொரு கிளையையும் கையால் அழுத்தி ஆட்டிப் பாருங்கள். பின்சுவரில் ஒரு பெரிய கார்க் மரப்பட்டையைச் சாய்த்து வைத்தால் பகல் முழுக்க அதன் பின்னால் போய்த் தூங்கும். ஒரு துண்டு பிவிசி குழாயும் மாட்டிவிடுங்கள். அழகாக இருக்காது, ஆனால் வீட்டுக் குழாய்களில் குடியிருந்து பழகிய இனம் இது. எங்கள் இரண்டும் கிளையை விட்டு அதற்குள்தான் போகின்றன.

செடிக்கு மணி பிளான்ட்தான் என் முதல் தேர்வு. இலை தாங்கும், வெளிச்சம் குறைந்தாலும் வளரும், ஒடித்து நட்டால் போதும். பாம்புக் கற்றாழையும் நன்றாக நிற்கும். கடையில் வாங்கிய செடியை அப்படியே வைக்காதீர்கள். தொட்டி மண்ணை முழுக்க உதறி, வேரையும் இலையின் இரு பக்கத்தையும் கழுவி, சில வாரம் வெளியே வைத்திருந்து அப்புறம் உள்ளே நடுங்கள். இலையில் பூச்சி மருந்து மிச்சம் இருக்கும், தவளை அதே இலையில் வயிற்றை ஒட்டி உட்காரும்.

வெளியிலிருந்து எடுத்த கிளை, சருகு என்றால் கொதிநீர் ஊற்றி நன்றாகக் காய வையுங்கள். கைட்ரிட் என்ற பூஞ்சை 1998இல்தான் அடையாளம் காணப்பட்டது. தவளையின் தோலில் தொற்றி, உப்புச்சத்து உடலுக்குள் போய்வரும் வழியைக் கெடுத்து, கடைசியில் இதயத்தை நிறுத்திவிடும். உலகம் முழுக்கப் பல தவளை இனங்கள் இதனால் அழிந்திருக்கின்றன, ஆஸ்திரேலிய மழைக்காடுகளில் சில இனங்கள் இனி இல்லை. அதனால் இது இரண்டு பக்கமும் பொருந்தும்: வெளியிலிருப்பது சுத்தம் செய்யாமல் உள்ளே வரக் கூடாது, உங்கள் பெட்டியின் பழைய மண்ணும் தண்ணீரும் ஓடையிலோ மழைநீர்க் கால்வாயிலோ போகக் கூடாது.

தண்ணீர்

இந்த இடத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும் என்று பலரும் சொல்வார்கள், அது உண்மையும்கூட. ஆனால் சிட்னியில் சில பகுதிகளுக்குக் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது) கலந்த தண்ணீர் வருகிறது. அது திறந்து வைத்தால் போகாது. மீன் கடையில் கிடைக்கும் நீர் பதப்படுத்தும் திரவத்தை, குளோரமைனையும் நீக்கும் என்று எழுதியிருப்பதாகப் பார்த்து வாங்கி, புட்டியில் சொன்ன அளவுக்குக் கலந்துகொள்ளுங்கள். கிண்ணத்துக்கும் தெளிப்புக்கும் இதே தண்ணீர்தான். மினரல் அறவே நீக்கிய டிஸ்டில்ட் வாட்டரைக் கிண்ணத்தில் ஊற்ற வேண்டாம்.

கிண்ணம் அகலமாக, தவளை முழுசாக உள்ளே உட்காரும்படி இருக்கட்டும். ஆழம், உட்கார்ந்த தவளையின் தோளுக்குக் கீழே. மரத்தவளை நல்ல நீச்சல்காரன் இல்லை. தினமும் தண்ணீரை மாற்ற வேண்டும், ஏனென்றால் பெரும்பாலும் அதிலேயேதான் கழிக்கும், பிறகு அதிலேயே உட்கார்ந்து உறிஞ்சும். கிண்ணத்தைச் சூடான தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு, டிஷ்வாஷ் எதுவும் வேண்டாம்.

தெளிப்பு மாலையில் ஒருமுறை, விளக்கு அணைக்கும் நேரத்தில். ஈரப்பதமானி 50 முதல் 70 சதவீதத்துக்குள் காட்டினால் போதும். தெளித்ததும் ஏறி, மறுநாள் மதியத்துக்குள் இறங்கி வர வேண்டும். கண்ணாடி எந்நேரமும் வியர்த்தே இருந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம். 'தவளைதானே, எவ்வளவு ஈரமோ அவ்வளவு நல்லது' என்று நினைத்துச் சொதசொதவென்று வைப்பதால்தான் தோலில் புண் வருகிறது.

சூடும் வெளிச்சமும்

பகலில் 24 முதல் 28 டிகிரி, இரவில் 18க்குக் கீழே போகாமல். ஜூலை மாத இரவுகளில் எங்கள் பகுதியில் வெளியே 5 டிகிரிக்கும் கீழே இறங்கும். ஹீட்டரை அணைத்துவிட்டுத் தூங்கினால் கூடமும் குளிர்ந்துவிடும். அதனால் பெட்டிக்குத் தனிச் சூடு வேண்டும்.

முதல் குளிர்காலத்தில் நான் செய்த தவறு இது. ஹீட் மேட்டை, அதாவது மின்சாரத்தில் சூடாகும் விரிப்பை, பெட்டிக்கு அடியில் விரித்தேன். பாம்பு வளர்ப்பவர்கள் அப்படித்தான் வைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். நான்காம் நாள் என் மகள்தான் கவனித்தாள்: "அப்பா, இது ஏன் பகலெல்லாம் கிண்ணத்திலேயே உட்கார்ந்திருக்கு?" மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். மேலே குளிர்ச்சி, அடியில் அடுப்புச் சாம்பல் மாதிரி உலர்ந்து சூடாக இருந்தது. மணி பிளான்டின் வேர் கருகியிருந்தது. இயற்கையில் சூடு தாங்காவிட்டால் தவளை கீழே, நிழலுக்குப் போகும். நான் அந்தக் கீழ்ப்பக்கத்தையே சூடாக்கி வைத்திருக்கிறேன். அது ஓடி ஒளிய மிஞ்சிய இடம் கிண்ணம் மட்டும்தான்.

சரியான முறை: ஹீட் மேட்டை ஒரு பக்கச் சுவரின் வெளிப்புறத்தில், மேல் பாதியில் ஒட்டுங்கள். சூட்டை ஒரே அளவில் வைக்கும் தெர்மோஸ்டாட் கருவி இல்லாமல் அதை இணைக்கவே கூடாது. ஒரு பக்கம் இளஞ்சூடு, எதிர்ப்பக்கம் குளுமை; எங்கே உட்காருவது என்பதைத் தவளை பார்த்துக்கொள்ளும். வெப்பமானி இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வேண்டும்.

வெளிச்சத்துக்கு ஐந்து சதவீதம் அளவிலான யுவிபி (புற ஊதாக் கதிரின் ஒரு வகை) குழல்விளக்கு, ஒரு நாளைக்குச் சுமார் 12 மணி நேரம், டைமரில். ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் பெட்டியை வைக்காதீர்கள், அரை மணியில் உள்ளே வெந்துவிடும்.

இரண்டு வார ஓட்டம்

எல்லாம் தயார். இப்போது தவளை இல்லாமல் ஓட்டுங்கள். ஒரு நோட்டில் காலை, மதியம், இரவு மூன்று வேளையும் வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டையும் எழுதுங்கள். முதல் மூன்று நாளில் எண்கள் தாறுமாறாக இருக்கும். தெளிப்பைக் கூட்டிக் குறைத்து, தெர்மோஸ்டாட்டை ஒவ்வொரு டிகிரியாக நகர்த்தி, மேல்வலையில் பாதியை மூடிப் பார்த்து, ஒரு வாரம் எண்கள் நிலையாக நிற்கும்வரை பொறுங்கள். இந்தச் சமயத்தில் கிளையில் வெள்ளைப் பூஞ்சை படரலாம். துடைத்துவிடுங்கள், பெரும்பாலும் தானே அடங்கிவிடும்.

இதற்குள் தவளை வீட்டுக்கு வந்துவிட்டது என்றாலும் பரவாயில்லை, அதற்குத் தற்காலிகமாக ஓர் இடம் போதும். காற்றோட்டமுள்ள ஒரு பிளாஸ்டிக் பெட்டி, ஈரமான அச்சில்லாத பேப்பர் டவல், ஒரு கிண்ணம், ஒளிய ஒரு குழாய்த் துண்டு. சூடு மட்டும் மேலே சொன்ன அளவிலேயே இருக்கட்டும். புதுத் தவளை எப்படியும் ஒரு மாதம் அந்தப் பிளாஸ்டிக் பெட்டியில்தான் இருக்க வேண்டும். தின்கிறதா, எச்சம் சரியாக இருக்கிறதா, தோல் சுத்தமாக இருக்கிறதா என்று வெள்ளைத் தாளில் பளிச்சென்று தெரியும்.

உள்ளே விடும் நாள்

கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சோப்பு போகும்வரை அலசி, பதப்படுத்திய தண்ணீரில் நனைத்துக்கொண்டு தூக்குங்கள். சானிடைசர், சன்ஸ்கிரீன், கொசுவிரட்டி எதுவும் கையில் இருக்கக் கூடாது. விட்ட பிறகும் கை கழுவுங்கள், தவளைத் தோலில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமி இருக்கலாம். வேறு இனத் தவளையையோ, அளவில் மிகச் சிறிய தவளையையோ கூடச் சேர்க்காதீர்கள். வாய்க்கு அடங்கினால் விழுங்கிவிடும்.

உணவு சுவர்க்கோழி, வளர்ப்புக் கரப்பான், மண்புழு. பூச்சி தவளையின் இரு கண்களுக்கு இடையே உள்ள அகலத்தை மீறக் கூடாது. கால்சியம் பொடியில் புரட்டி, வளர்ந்த தவளைக்கு வாரத்தில் இரண்டு மூன்று முறை, தடவைக்கு நான்கைந்து. கேட்கும்போதெல்லாம் கொடுத்தால் கண்ணுக்கு மேல் கொழுப்பு மடிந்து தொங்கும். விழுங்கும்போது அதன் கண்ணைப் பாருங்கள். இரண்டு கண்ணும் தலைக்குள் அமுங்கும். கண்கோளம்தான் உள்ளிருந்து இரையைத் தொண்டைக்குத் தள்ளுகிறது. சில நாள் இரவில் முதுகை வளைத்து, வாயைத் திறந்து மூடி, கையால் தோலை இழுத்து வாயில் திணித்துக்கொண்டிருக்கும். பயப்பட வேண்டாம், பழைய தோலை உரித்துச் சாப்பிடுகிறது.

முதல் இரண்டு மூன்று இரவு எதையும் தொடாமல் மூலையில் பழுப்பாகக் கிடக்கலாம். புது இடத்தில் நிறம் மங்குவது வழக்கம். மிச்சப் பூச்சியை இரவே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தூங்கும் தவளையைச் சுவர்க்கோழி கடிக்கும். ஒரு வாரம் தாண்டியும் தின்னவில்லை, அல்லது தோலில் சிவப்பு தெரிகிறது, அல்லது பகலில் கால்களை அகட்டி வெறும் தரையில் கிடக்கிறது என்றால், ஊர்வன, தவளை பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் அன்றே கொண்டுபோங்கள். அப்போது அந்த நோட்டையும் எடுத்துப் போங்கள். அவர் முதலில் கேட்பது அதில் உள்ள எண்களைத்தான்.