இதய சத்திரசிகிச்சைக்குப் பிறகு சலத்தில் அழற்சியை அளப்பது எப்படி

நெஞ்சைத் திறந்து செய்யும் சத்திரசிகிச்சை முடிந்து ஆள் ஐசியூவுக்கு வரும்போதே உடம்பு முழுக்க அழற்சி கிளம்பியிருக்கும். வெட்டின காயம் ஒரு காரணம், இரத்தம் இதய-நுரையீரல் இயந்திரத்தின் குழாய்களுக்குள்ளால் ஓடித் திரும்பியது இன்னொரு காரணம். அது அடங்குகிறதா என்று பார்க்க வாட்டில் சிஆர்பி, அதாவது அழற்சியில் இரத்தத்தில் ஏறும் ஒரு புரதம், எடுப்பார்கள், அதற்கு ஒவ்வொரு தடவையும் இரத்தம் வேண்டும். சலமோ கத்தீற்றரில் தன்பாட்டில் வந்துகொண்டிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் இதை ஆய்வாகச் செய்ய நினைக்கும் தம்பி தங்கச்சிமாருக்குத்தான் இது. நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் சம்மதமும் முதலில் கையில் இருக்கட்டும்.

அளக்க நான் சொல்வது நியோப்டெரின். இன்டர்பெரோன் காமா என்ற நோயெதிர்ப்புச் சமிக்ஞைப் புரதம் தூண்டினால் மக்ரோபேஜ் என்ற நோயெதிர்ப்புக் கலங்கள் இதை விடும், மூலக்கூறு சின்னது என்பதால் சிறுநீரகத்தால் வடிந்து சலத்துக்கு வந்துவிடும். கூடவே என்ஜிஏஎல் என்ற புரதத்தையும் பாருங்கள், சிறுநீரகம் அடிபட்டால் அது 2 மணித்தியாலத்துக்குள்ளேயே சலத்தில் ஏறலாம், வழக்கமாகப் பார்க்கும் கிரியற்றினின், அதாவது தசையிலிருந்து வந்து சிறுநீரகத்தால் வெளியேறும் கழிவு, இரத்தத்தில் ஏற ஒன்றிரண்டு நாள் எடுக்கும்.

சத்திரசிகிச்சைக்கு முதல் நாள் ஒரு மாதிரி கட்டாயம், அது இல்லாவிட்டால் பிறகு வரும் எண்களை எதோடு ஒப்பிடுவது? அப்புறம் 4, 24, 48, 72 மணித்தியாலங்களில் எடுங்கள். பையில் தேங்கிக் கிடக்கும் சலம் வேண்டாம், அது எந்த நேரத்துச் சலம் என்றே தெரியாது. மாதிரி எடுக்கும் வாய்க்குக் கீழே குழாயைக் கொஞ்ச நேரம் கிளிப் போட்டு, வாயை ஸ்பிரிட்டால் துடைத்து, சிரிஞ்சால் 10 மில்லிலீற்றர் இழுங்கள். கிளிப்பைக் கழற்ற மறக்கவே கூடாது.

சரி, இனித்தான் முக்கியமான இடம். நியோப்டெரினுக்கு வெளிச்சம் ஆகாது. நான் பழகிய காலத்தில் ஒரு நாள் ரியூப்களை யன்னலோரம் வைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன், அந்த நாள் மாதிரி முழுவதையும் எறிய வேண்டியதாயிற்று, ஒரு நோயாளியின் 24ஆம் மணித்தியாலம் திரும்பி வராது. ரியூப்பை எடுத்த கையோடு அலுமினியத் தாளால் சுற்றி ஐஸ் பெட்டிக்குள் வையுங்கள், பெரியாஸ்பத்திரியிலிருந்து மருத்துவ பீடத்துக்கு மத்தியான வெயிலில் ஓட்டோவில் கொண்டுபோவதென்றால் இன்னும் கவனம். ஆய்வுகூடத்தில் சுழற்றி, மேல்நீரைச் சின்னச் சின்ன ரியூப்களில் பிரித்து மைனஸ் 80 பாகையில் வைத்தால் ஒன்றையே திரும்பத் திரும்ப உருக்கத் தேவையில்லை.

எண்ணை அப்படியே நம்பவும் வேண்டாம். உதாரணத்துக்கு, பின்னேரம் நியோப்டெரின் லீற்றருக்கு 600 நனோமோல், விடிய 900. கூடிவிட்டது போலத் தெரியும். ஆனால் பின்னேரம் புறுசமைட், அதாவது சலத்தைக் கூட்டும் மருந்து, கொடுத்துச் சலம் தண்ணியாய்ப் போயிருந்தது, அந்தச் சலத்தில் கிரியற்றினின் லீற்றருக்கு 2 மில்லிமோல். விடிய சலம் தடித்து 6 மில்லிமோல். சலம் தண்ணியானாலும் தடித்தாலும் கிரியற்றினினும் கூடவே மாறும், அதனால் நியோப்டெரினை அதால் வகுத்துப் பாருங்கள்: ஒரு மோல் கிரியற்றினினுக்கு 300 மைக்ரோமோலிலிருந்து 150க்கு இறங்கியிருக்கிறது, பாதி. அதனால் மருந்து கொடுத்த நேரத்தையும் லேபிளில் எழுதுங்கள். சிறுநீரகமே பழுதானவரில் சலத்துக் கிரியற்றினினும் குறைந்துவிடும், அப்போது இந்த விகிதம் பொய்யாக ஏறும்.

சலத்தில் கிருமித் தொற்று வந்தாலும் வெள்ளைக் கலங்களால் என்ஜிஏஎல் ஏறும். ஆகவே மூன்றாம் நாள் என்ஜிஏஎல் கோடு திடீரென்று மேலே போனால், முதலில் மைக்ரோஸ்கோப்பில் ஒரு துளி பாருங்கள், பார்த்ததை அன்றைக்கே வாட் டொக்டரிடம் சொல்லுங்கள். சிகிச்சையை முடிவெடுப்பவர் அவர், இந்த எண் அல்ல.