இறுகிப்போன பால் ஜாயிண்ட் கழலவில்லையா? பக்கவாட்டில் தட்டுங்கள்

பால் ஜாயிண்ட் என்பது சஸ்பென்ஷன் ஆர்மையும், சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் உருண்டை மூட்டு. பழைய காரில் நட்டைத் தளர்த்திய பிறகும் அது நக்கிளை விட்டு அசையாது. அதன் தண்டு கூம்பு வடிவம். அதே அளவுக் கூம்புத் துளைக்குள் ஆப்பு மாதிரி இறுகியிருக்கும். தண்டின் நுனியில் அடித்தால் மரைதான் நசுங்கும். அடிக்க வேண்டியது தண்டைச் சுற்றியுள்ள நக்கிளின் காதை, அதுவும் பக்கவாட்டில். கனமான சுத்தியலால் ஓங்கிச் சில அடி கொடுத்தால் துளை ஒரு கணம் நெளிந்து பிடியை விட்டுவிடும். புல்லர் (ஜாயிண்டை அழுத்திக் கழற்றும் திருகுக் கருவி) இருந்தால் முதலில் அதை மாட்டி நன்றாக முறுக்கிவிட்டு, அப்புறம் அடியுங்கள், இன்னும் சுலபம்.

நக்கிள் அலுமினியம் என்றால் சுத்தியலே வேண்டாம், புல்லர் மட்டும். கவட்டை போன்ற ஃபோர்க் கருவி ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் உறையைக் கிழித்துவிடும். ஜாயிண்டையே மாற்றப்போகிறீர்கள் என்றால் சரி.

இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்: நட்டை முழுதாகக் கழற்றாமல் சில சுற்று மரையில் விட்டு வையுங்கள். கார் ஸ்டாண்டின் மேல் நிற்கட்டும், ஸ்பிரிங்கைத் தாங்கும் கீழ் ஆர்முக்கு அடியில் ஜாக் இருக்கட்டும். இல்லையென்றால், ஜாயிண்ட் விடுபடும் நொடியில் ஸ்பிரிங் அந்த ஆர்மைக் கீழே உதைத்துத் தள்ளும். திரும்ப மாட்டும்போது நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின் புதிதாகவே போடுங்கள்.