செவுள் சிவப்பா, பழுப்பா? காசிமேட்டில் இரண்டு பேர் மீன் பார்க்கும்போது

மீன் புதுசா என்று ஒரே வஞ்சிரத்தின் செவுளைப் பார்த்து ஒருவர் ‘செக்கச்செவேல்னு இருக்கு’ என்பார், கூட வந்தவர் ‘பழுப்பாயிடுச்சு’ என்பார். அவரவர் கண்ணுக்குத் தெரிவது அதுதான். சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உள்ளவருக்கு (பெரும்பாலும் ஆண்கள்) சிவப்பும் பழுப்பும் ஒன்றுபோலத் தெரியலாம். பலருக்கு அது இருப்பதே தெரியாது.

முதலில் வெளிச்சம். மஞ்சள் பல்பின் கீழ் பழுப்பும் சிவந்து காட்டும், விடியல் இருட்டில் நல்ல சிவப்பும் கறுத்துத் தெரியும். பகல் வெளிச்சத்துக்கு மீனைத் திருப்பி, மூடியைத் தூக்கிச் செவுளின் உள்பக்கத்தைப் பாருங்கள். ஐஸ் தண்ணீரில் ஊறிய செவுள் புது மீனிலும் வெளுத்திருக்கும். ஆகவே நிறத்தை மட்டும் நம்பாதீர்கள்.

மூக்கு இன்னும் மோசம்: ஏலக்கூடத்தில் சில நிமிடம் நின்றாலே வாடை பழகிவிடும். வெளியே போய்க் காற்று வாங்கிவிட்டு வந்து செவுளருகே முகருங்கள். முதல் மூச்சில் வருவதுதான் கணக்கு. கடல் வாசனை சரி, புளித்த வாடை வேண்டாம்.

ஐஸைத் தொட்ட விரல் மரத்திருக்கும். அரை நிமிடம் தேய்த்துச் சூடேற்றி, முதுகுத் துடுப்புக்குக் கீழே அழுத்துங்கள். குழி உடனே எழும்ப வேண்டும்.

இருவரும் தனித்தனியாகப் பார்த்த பிறகே வாய் திறங்கள். ஒருவர் முந்திச் சொல்லிவிட்டால் மற்றவருக்கும் அதே நிறம் தெரிவதுபோல் தோன்றலாம்!